மரியாதை படித்த ஏஜென்டுகளும் ஒரு தண்ணீர் லாரியும்

1

முதலில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை என்னுடையது இல்லை. பனச்சமூடு பஸ் ஸ்டாப்பில் எனக்கு முன்னால் நின்ற இரண்டு பெண்கள் பேசியதை ஒட்டுக்கேட்டுத் திருடியது. பாதி அவர்களுடையது, மீதி என் சரக்கு. பென்ஷன் வாங்குகிறவனுக்கு அளந்துவிட நேரத்துக்கா பஞ்சம்?

தொடக்கத்தை மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன்.

"பாறசாலைக்கு அந்தப் பக்கம் மழை பெய்து ஏழு வருஷம்..." (பொய். வெயில் மாதங்களில் கிணறு வற்றும், அவ்வளவுதான்.)

"அறிவுள்ள கணினி நிரல்கள் மனித வாழ்வில் ஆற்றும்..." (தூக்கம் வந்துவிட்டது. எனக்கே.)

மூன்றாவதுதான் லிஷா. அவளை வைத்துக்கொள்வோம்.

2

லிஷா திருவனந்தபுரத்தில் ஆராய்ச்சி மாணவி. எல்லாருக்கும் போதாத ஒரு பொருளைச் சண்டையில்லாமல் பங்கிட வேண்டும். அந்த முடிவைக் கணினியே எடுக்க வேண்டும். இதுதான் அவள் ஆராய்ச்சி. வீட்டுக்கு ஓர் 'ஏஜென்ட்'. அதாவது அந்த வீட்டுக்காரர் போனில் குடியிருந்து, அவருக்காகப் பேசி, பேரம் நடத்தி, முடிவெடுக்கும் ஒரு நிரல். வீட்டுக்காரர் பேச்சைக் கேட்டே அது புத்தி படித்துக்கொள்ளும்.

பரீட்சிக்க அவள் தேர்ந்தெடுத்த இடம், தன் வீடு இருக்கும் சந்து. வேனிற்காலத்தில் அங்கே தண்ணீர் லாரி வந்தால் குடங்கள் முட்டிக்கொள்ளும் சத்தம் நெய்யாற்றின்கரை வரை கேட்கும். (சரி, அடுத்த வளைவு வரை.)

"ஏஜென்டா? இன்சூரன்ஸ் பாலிசி நம்மகிட்ட உண்டு மக்கா," என்றார் பக்கத்து வீட்டுத் தங்கையன். புரிய வைத்தாள்.

பிறகு வீடு வீடாகப் போய், போனை நடுவில் வைத்து, ஒரே கேள்வி கேட்டாள்: தண்ணீர் குறைவாக இருந்தால் யாருக்கு முதலில்?

இங்கேதான் பிசகியது. வீடு தேடி வந்த பிள்ளையின் முகத்தைப் பார்த்து "எனக்குத்தான்" என்று சொல்லும் வழக்கம் அந்தச் சந்திலேயே இல்லை. நாற்காலி போட்டு, சாயா கொடுத்து, எல்லாரும் ஒரே பதிலைச் சொன்னார்கள்: "நமக்கென்ன மக்களே அவசரம்? அவங்களுக்குக் கொடு." சொன்னவர்கள் யாரும் அதை நம்பவில்லை. ஏஜென்டுகள் நம்பின.

3

சோதனை நாள். லிஷாவின் வழிகாட்டி சத்யபாமா டீச்சர் குடை பிடித்து நின்றார். இன்று ஓடவில்லையென்றால் வேறு தலைப்புப் பார்க்க வேண்டியதுதான் என்று முன்னமே சொல்லியிருந்தார். (இந்த டீச்சரை வில்லியாக்க எவ்வளவோ முயன்றேன். குடையை மட்டும் கறுப்பாக்க முடிந்தது.)

டிரைவர் ஜிஜின் லாரியை நிறுத்தி ஓஸ் குழாயைக் கையில் எடுத்தான். யாருக்கு முதலில் என்று முடிவு செய்யப் போன்கள் பேசத் தொடங்கின.

தங்கையனின் போன்: "எங்களுக்கு அவசரமில்ல. விஜயம்மா வீட்டுக்குக் கொடுங்க."

எதிர்வீட்டு விஜயம்மாவின் போன்: "ஐயோ, அதெப்படி? அண்ணன் வீட்டுல ஆளு கூடுதல் உண்டு."

லிஷாவின் அம்மா லீலாபாயின் போன்: "நமக்குக் கடைசியில தந்தா மதி, அது போதும்."

மறுபடியும் முதலிலிருந்து. ஒரு நிமிஷத்தில் நாலாயிரம் முறை விட்டுக்கொடுத்தன. ஓஸிலிருந்து ஒரு சொட்டு விழவில்லை.

தங்கையன் போனைப் பிடித்துக் குலுக்கினார். "எலே, நான் குளிச்சிட்டு ரெண்டு நாளாச்சு. எனக்கு வேணும்னு சொல்லுலே!"

"பரவாயில்ல, அவங்க குளிக்கட்டும்," என்றது போன்.

"உங்க போனுக்கு உங்களைவிட நல்ல குணமாக்கும் அண்ணே," என்றாள் விஜயம்மா.

"நீ பேசாத. விடியும் முன்ன குடத்தைக் கொண்டு வரிசையில வச்சவ நீ. போன் மட்டும் புண்ணியவதி!"

"லிஷா, இதெந்தா? பரிசோதனையா, கல்யாணப் பந்தியா?" என்றார் டீச்சர்.

லிஷாவுக்கு ஒரே வழிதான் இருந்தது. ஒவ்வொரு போனிலும் 'எனக்கு முதலில்' என்றொரு சிவப்புப் பொத்தான். யாராவது அமுக்கினால் சுற்று உடையும். அதன் பிறகு மற்ற வீடுகளுக்கும் வரிசை தானாக அமையும். ஆனால் ஒளிவுமறைவு கூடாதென்று லிஷாவே ஒன்று செய்து வைத்திருந்தாள்: அமுக்கியவர் பெயரை லாரி ஒலிபெருக்கி சந்து முழுக்க அறிவிக்கும்.*

"விஜயம்மா, நீ அமுக்கு."

"நீங்க அமுக்குங்க அண்ணே. நான் அந்தப் பக்கம் திரும்பி நிக்கேன்."

"நீ திரும்பிக்குவ. லாரி விளிச்சுச் சொல்லுமே!"

ஜிஜின் ஓஸைச் சுருட்டினான். "நான் போறேன் கேட்டியளா. அடுத்த வார்டுல ஆளு காத்துக் கிடக்கு."

* இந்த ஒலிபெருக்கியை அந்தப் பெண்கள் சொன்னார்களா, நான் மாட்டினேனா என்று சந்தேகமாக இருக்கிறது. நன்றாகத்தான் இருக்கிறது, இருக்கட்டும்.

4

முடிவு அ: திடீரென்று மேகம் கறுத்து... (வேண்டாம். வழி தெரியாத எழுத்தாளன்தான் மழையைக் கூப்பிடுவான்.)

முடிவு ஆ: ஆசையே இல்லாத ஏஜென்டைக் கண்டுபிடித்தவள் என்று லிஷாவுக்கு உலகப் புகழ். விமானம், மாலை, பாராட்டு விழா. இதை ஆசையாக மூன்று பக்கம் எழுதினேன். குடங்கள் காலியாகவே இருந்தன. கிழித்தேன்.

முடிவு இ: லிஷா அம்மாவின் கையிலிருந்து போனை வாங்கினாள். லீலாபாய் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"மக்ளே, அதை மட்டும் அமுக்கிப்போடாத. ஞாயிற்றுக்கிழமை நான் எந்த முகத்தோட சர்ச்சுக்குப் போவேன்?"

"அம்மா, மூணு வருஷம் படிச்ச படிப்பு இப்ப வண்டியேறிப் போகுது."

"எனக்கு மட்டும் தெரியாதா? வேற யாரையாவது அமுக்கச் சொல்லு."

வேறு யாரும் அமுக்கவில்லை. ஜிஜின் சாவியைத் திருப்பிவிட்டான். லிஷாவின் கட்டைவிரல் பொத்தானுக்கு ஒரு நெல்மணி உயரத்தில் நிற்கிறது. அந்த விரலை நான் இறக்கப் போவதில்லை, தூக்கப் போவதுமில்லை.

நீங்கள் சொல்லுங்கள், அவள் செய்கிறாள். சொல்வதற்கு முன் அந்தப் போனை உங்கள் அம்மாவின் போன் என்று வைத்துக்கொள்ளுங்கள். சந்து முழுக்க வாசலில் நிற்கிறது.