தோற்கத் தெரிந்தவள்

டெல்சிக்குத் தோற்பது கைவந்த கலை. சும்மா விழுந்து எழுந்து போகிற தோல்வி அல்ல. கழுத்து நோகக் கூடாது, முதுகு பலகையில் பட்டு டமார் என்று சத்தம் வர வேண்டும், கடைசி வரிசையில் நிற்கிறவருக்கும் ஆள் காலி என்று தோன்ற வேண்டும். ஒன்பது வருடமாக அப்படித்தான் விழுந்துகொண்டிருந்தாள். அமலநாதன் ஊர் ஊராகக் கொண்டுபோகும் மல்யுத்த ஷோவில் அவள் பெயர் கட்டுவிரியன். கறுப்பு உடை, கண்ணைச் சுற்றிக் கனமாக மை. எதிரியின் முடியைப் பிடித்து இழுப்பது, நடுவர் திரும்பும் நேரம் பார்த்துக் கண்ணில் பொடி தூவுவது எல்லாம் அவள் இலாகா. கடைசியில் மின்னல் மெர்சி எழுந்து வந்து அவளைத் தூக்கி அடிப்பாள். ஜனம் விசிலடிக்கும், மாலை மெர்சியின் கழுத்துக்குப் போகும்.

இந்த மின்னல் மெர்சி என்கிற மெர்சிலின், டெல்சியின் கூடப் பிறந்த தங்கை. கணியம்பாடிப் பக்கத்தில் ஒரே பாயில் படுத்து வளர்ந்தவர்கள். ஆனால் அது வெளியே தெரியக் கூடாது என்பது மாஸ்டர் அமலநாதனின் சட்டம். நல்லவளும் கெட்டவளும் ஒரே ஜீப்பில் ஏறக் கூடாது, ஒரே கடையில் டீ குடிக்கக் கூடாது, ஷோ நடக்கிற ஊரில் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்க்கக் கூடாது. நிஜம் என்று நம்புகிற வரைதான் ஜனம் வரும், பொய் என்று தெரிந்த அன்றைக்கு நாம் எல்லோரும் கரும்பு வெட்டத்தான் போக வேண்டும் என்பார் அவர். கண்ணமங்கலத்தில் ஒருமுறை மெர்சிலின் காய்ச்சலில் கிடந்தபோது, டெல்சி முக்காடு போட்டுக்கொண்டு பின்வாசல் வழியாகப் போய்த்தான் கஞ்சி கொடுத்துவிட்டு வந்தாள்.

இந்த வருடம் டெல்சிக்கு முப்பத்தைந்து. வலது முட்டி எப்போது காலை வாரும் என்று சொல்ல முடியாது. இந்த சீசனோடு நிறுத்திக்கொள்வது என்று முடிவு செய்துவிட்டாள். அதில் அவளுக்குப் பெரிய வருத்தம் இல்லை, ஆரணியில் ஒரு ஜிம்மில் பெண்களுக்குப் பயிற்சி தரும் வேலை பேசி வைத்திருந்தாள். ஒரே ஒரு ஆசைதான் பாக்கி. போவதற்குள் ஒரு தடவை ஜெயிக்க வேண்டும். நடுவர் மூன்று எண்ணி முடித்துத் தன் கையைத் தூக்கிப் பிடிக்க வேண்டும்.

மலைக்கு வருவதற்கு ஒரு வாரம் முன்னால் வெட்கத்தை விட்டு மாஸ்டரிடம் கேட்டாள். நெல்லிவாசல் நாடு என்கிற மலை ஊரில் திருவிழாவுக்கு மூன்று நாள் ஷோ, அதில் கடைசி நாள் ஆட்டம் மட்டும் தனக்கு வேண்டும் என்றாள். மாஸ்டர் சிரித்தார். கெட்டவள் ஜெயித்தால் மலை ஜனம் நிஜமென்று நம்பிக் கல்லால் அடிக்கும் என்றார். அவர் அப்படித்தான் சொல்வார், அது தெரிந்ததுதான். ஆனால் பக்கத்தில் மெர்சிலின் நின்றிருந்தாள். ஷோவுக்கே அவள்தான் முகம். அக்கா ஒரு தடவை ஜெயிக்கட்டுமே என்று அவள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் மாஸ்டர் இறங்கி வந்திருப்பார். அவளோ குனிந்து, நன்றாகக் கட்டியிருந்த ஷூ லேஸை அவிழ்த்து மறுபடியும் கட்டினாள்.

அன்றிலிருந்து டெல்சி அவளோடு பேசவில்லை. இதில் வேடிக்கை, குழுவில் ஒருவருக்கும் அது தெரியவில்லை. பேசாமல் இருப்பதுதானே சட்டம். இரண்டு பேரும் இப்போதுதான் ஒழுங்காகத் தொழில் பழகியிருக்கிறீர்கள் என்று மாஸ்டர் பாராட்டக்கூடச் செய்தார்.

மலையில் களத்து மேட்டில் ரிங் போட்டார்கள். கட்டுவிரியனுக்குப் பச்சையம்மா வீட்டில் தங்கல், மின்னல் மெர்சிக்கு இரண்டு வாசல் தள்ளிக் காந்தா வீட்டில். பச்சையம்மா வாய் ஓயாமல் பேசுகிறவள், அதைவிடக் கண் ஓயாமல் பார்க்கிறவள். இரண்டு நாள் ஆட்டமும் வழக்கம்போலவே முடிந்தது. டெல்சி விழுந்தாள், மெர்சிலின் மாலை போட்டுக்கொண்டாள், சாயங்காலம் ஆளுக்கொரு வீட்டில் சாப்பிட்டுப் படுத்தார்கள்.

மூன்றாம் நாள் காலை ஊர்க்கவுண்டர் கோபால்சாமி ஆள் அனுப்பினார். ஷோக்காரர்கள் கோயில் வாசலுக்கு வர வேண்டும், அந்த இரண்டு பெண்களும் கட்டாயம் வர வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருந்தார். அந்த ஊரில் ஒரு வழக்கம். திருவிழாவுக்குக் காப்புக் கட்டிவிட்டால், உறவுக்குள் யாரும் பேச்சை முறித்துக்கொண்டு இருக்கக் கூடாது. அப்படி இருந்தால் கோயில் முன்னால் உட்கார்ந்து மனதில் உள்ளதைச் சொல்லித் தீர்த்து, ஒரே இலையில் சாப்பிட வேண்டும். அதற்கு அப்புறம்தான் சாமி வாசல் தாண்டும். அந்த நாட்களில் ஊரில் தங்குகிற வெளியூர்க்காரர்களுக்கும் அதே சட்டம்தான். போன வருடம் புளி வாங்க வந்த அண்ணன் தம்பி இரண்டு பேரை இப்படி உட்கார வைத்துச் சோறு போட்டுத்தான் விட்டார்களாம்.

இதைக் கேட்டதும் மாஸ்டருக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. டெல்சியைத் தனியாக இழுத்துப் போனார். ரிங்கில் போட்ட சண்டைக்குப் பஞ்சாயத்து வைக்கிற அளவுக்கு நம்பிவிட்டார்கள் பார்த்தாயா, இதுதான் நான் இத்தனை வருடமாகக் கட்டிக் காத்தது என்று குரல் தழுதழுக்கச் சொன்னார். அங்கே போய் முறைத்துக்கொண்டு நில், மிச்சத்தை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார்.

கோயில் முன் ஊரே கூடியிருந்தது. கோபால்சாமிக்கு நாற்பது தாண்டியிருக்கும், மணிக்கட்டில் மஞ்சள் கயிறு. மாஸ்டர் முந்திக்கொண்டார். இவர்கள் இரண்டு பேரும் ஜென்ம விரோதிகள், ஊர் வேறு, உறவு வேறு, இன்று மூன்று மணிக்கு ரிங்கிலேயே கணக்கு தீர்ந்துவிடும், எல்லோரும் தவறாமல் வாருங்கள் என்று மைக் இல்லாமலே விளம்பரம் செய்தார். கோபால்சாமி பொறுமையாகக் கேட்டு முடித்தார்.

"அந்தச் சண்டைய நான் கேக்கலீங்க. அது கூத்து. நானும் கூத்துல வேஷம் கட்டறவன்தான். பதினாலு வருஷமா அரக்கன் வேஷம். வருஷா வருஷம் சாவறேன், மறுநாளு எழுந்து ஏர் ஓட்டப் போறேன். இது எங்களுக்குத் தெரியாதா? ரிங்க வுட்டு எறங்கினப்புறமும் இந்தப் பொண்ணுங்க மூஞ்சி குடுத்துப் பேசிக்கலியே, அதுக்குத்தான் கூப்ட்டேன்."

பச்சையம்மா எழுந்தாள். இவர்கள் அக்கா தங்கை என்றாள். தன் வீட்டில் சாப்பிடும்போது பெரியவள் குழம்பிலிருக்கிற கறிவேப்பிலையைப் பொறுக்கி இலையோரமாக வரிசை கட்டி வைக்கிறாள், காந்தா வீட்டில் சின்னவளும் அதையேதான் செய்கிறாள், ஒரு தாய் வளர்த்த கை இல்லாமல் வேறென்ன என்று கேட்டாள். கூட்டத்தில் எல்லோரும் தலையாட்டினார்கள்.

கோபால்சாமி மெர்சிலினைப் பார்த்துச் சொன்னார். "நேத்து அவளத் தூக்கி அடிக்கசொல்ல, பொடனியில கை குடுத்து நீ தாங்கினத நான் பாத்தேம்மா. மேல அவ்ளோ அக்கறயா கீற. கீழ எறங்கினா யாரோ மாதிரி போற. இன்னா உங்களுக்குள்ள?"

மாஸ்டர் விடுவதாக இல்லை. இவர்கள் யாரோ யாரோ, அக்காவும் கிடையாது தங்கையும் கிடையாது என்று அடித்துச் சொன்னார். டெல்சியைப் பார்த்துக் கண்ணால் கெஞ்சினார். கோபால்சாமி அவர் பக்கம் திரும்பாமல் டெல்சியிடம் கேட்டார்.

"நீ சொல்லும்மா. இவ உனக்கு யாரு?"

இந்தக் கேள்விக்கு டெல்சியிடம் பதில் தயாராகவே இருந்தது. பஸ் ஸ்டாண்டில், டீக்கடையில், கல்யாண வீட்டில் என்று எத்தனையோ பேரிடம் 'தங்கச்சியா, நல்லா கேட்டீங்க போங்க' என்று சிரித்துவிட்டுப் போயிருக்கிறாள். இன்று அது வாயில் வரவில்லை. சாமிக்குப் பயந்து அல்ல, அவள் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் மாதா கோவிலுக்குப் போகிற கிறிஸ்தவப் பெண். அவளுக்கு வந்தது கோபம். பத்து நாளாக நெஞ்சுக்குள் வைத்துப் புழுங்கிய கோபம். தங்கையோடு ஒழுங்காகச் சண்டை போடுவதற்குக்கூட முதலில் அவளைத் தங்கை என்று ஒத்துக்கொள்ள வேண்டியிருந்தது.

"என் தங்கச்சிதாங்க," என்றாள். "கூடப் பொறந்தவ. ஒம்பது வருஷமா இவ ஜெயிக்க நான் விழறேன். போறதுக்குள்ள ஒரு தடவ நான் ஜெயிக்கறேன்னு கேட்டேன். பக்கத்துல நின்னுக்கினு வாயத் தொறக்கல இவ."

மாஸ்டர் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். மெர்சிலின் அழுதுகொண்டிருந்தாள். ரிங்கில் ஏறினால் மலை அதிரக் கத்துகிறவள், ஏதோ முணுமுணுத்தாள். சத்தமாகச் சொல்லச் சொன்னார்கள்.

"எனக்கு விழத் தெரியாதுக்கா."

டெல்சிக்குப் புரியவில்லை. மெர்சிலின் மூக்கைத் துடைத்துக்கொண்டு சொன்னாள். "நீ ஜெயிக்கணும்னா நான் விழணும் இல்ல? எனக்கு யாரு கத்துக் குடுத்தாங்க? நான் ஏடாகூடமா விழுந்து, ஜனம் சிரிச்சி, உன்னோட ஒரே ஜெயிப்பும் நாசமாப் பூடுமோன்னு பயம். மின்னல் மெர்சிக்கு விழத் தெரியாதுன்னு மாஸ்டர் கிட்ட எப்டிச் சொல்றது?"

ஒருவரிடம் சொல்ல வெட்கப்பட்டதை இப்போது ஒரு ஊருக்கே சொல்லிவிட்டாள். டெல்சிக்கு முதலில் சிரிப்பு வந்தது, அப்புறம் அழுகை வந்தது, அப்புறம் தங்கையின் முதுகில் ஓங்கி ஒரு அறை வைத்தாள். ரிங்கில் வைக்கிற அறை அல்ல, வீட்டில் வைக்கிற அறை. வலித்தது மெர்சிலினுக்கு. பத்து நாள் பாரம் அதோடு டெல்சியை விட்டு இறங்கியது. பச்சையம்மா சாமைச் சோறும் அவரைக்காய்க் குழம்பும் கொண்டு வந்தாள். ஒரே இலையில் இரண்டு பேரும் சாப்பிட்டார்கள், ஊர் சுற்றி நின்று பார்த்தது.

மாஸ்டர் ஜீப்பில் சாய்ந்துகொண்டு, ஷோ கிடையாது, கழற்றுங்கள் ரிங்கை என்றார். எல்லாம் தெரிந்துபோன ஜனத்துக்கு முன்னால் என்னத்தை ஆடுவது என்றார். டெல்சி அவர் எதிரில் போய் நின்றாள். ஷோ உண்டு, ஜெயிக்கப்போவது தான் என்றாள். எல்லோருக்கும் தெரியுமே என்றார் அவர். "தெரியட்டுமே மாஸ்டர்," என்றாள் டெல்சி. "பொய்ய மறைக்கறதா நம்ம தொழிலு? தெரிஞ்சவனையும் நம்ப வெக்கறதுதான் தொழிலு. அது எனக்கு வரும்." கெட்டவளாக நடித்து நடித்து வந்த திமிர் அது என்று மாஸ்டர் நினைத்திருக்கலாம். அவளுக்கோ தன் கைமேல் அவ்வளவு நம்பிக்கை.

பட்டப்பகலில், எல்லோர் கண் முன்னாலும், ரிங்கில் ஏறித் தங்கைக்கு விழக் கற்றுக்கொடுத்தாள். தாடையை நெஞ்சோடு ஒட்டு. மூச்சை வெளியே விடு. முழங்கையை ஊன்றினால் செத்தாய், உள்ளங்கையால் பலகையை அறை. முதல் தடவை மெர்சிலின் விழுந்த அழகைப் பார்த்து ஊர் கைகொட்டிச் சிரித்தது. ஐந்தாம் தடவைக்குள் ஆளாளுக்கு யோசனை சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். கோபால்சாமியும் வந்து நின்று, விழுந்ததும் உடனே சாகாதே, ஒரு தடவை எழுந்திருக்கப் பார்த்துவிட்டு அப்புறம் செத்துப் போ என்று தன் அனுபவத்தைச் சொல்லிவிட்டுப் போனார். மாஸ்டர் தலையில் துண்டைப் போட்டு முகத்தை மறைத்துக்கொண்டார்.

மூன்று மணிக்குக் களத்து மேடு கொள்ளவில்லை. பக்கத்து ஊர்களிலிருந்து நடந்தும் ஜீப்பில் தொற்றிக்கொண்டும் வந்திருந்தார்கள். அக்கா தங்கை கதை அதற்குள் அவர்களுக்கும் போயிருந்தது. முதல் ஐந்து நிமிடம் ஒரே சிரிப்பு. டெல்சி முடியைப் பிடித்து இழுத்தால், பாத்து இழு, வீட்டுக்குப் போனா அம்மா கேப்பாங்க என்று ஒருவர் கத்தினார். டெல்சி அவசரப்படவில்லை. அந்த ஆளைத் தேடிப் பிடித்து, அவர் சிரிப்பு தானாக அடங்கும் வரை முறைத்தாள். பிறகு நடுவர் சின்னராஜ் திரும்பிய நேரத்தில் தங்கையின் கண்ணில் பொடியைத் தூவினாள். மெர்சிலின் கண்ணைப் பொத்திக்கொண்டு, 'அக்கா' என்று கை நீட்டித் துழாவினாள். அது காலையில் பேசி வைத்ததுதான். சிரிப்பு நின்றுவிட்டது.

நீட்டிய கையைப் பிடித்தே டெல்சி அவளைத் தோளுக்குமேல் தூக்கினாள். முட்டி உயிர் போக வலித்தது. பிடரியில் கை கொடுத்துத் தாங்கிக்கொண்டு அடித்தாள். பலகை இடி மாதிரி அதிர்ந்தது. தாடை நெஞ்சோடு, மூச்சு வெளியே, கை அறைந்தது, எல்லாம் சரி. மெர்சிலின் ஒருமுறை தலையைத் தூக்கிப் பார்த்தாள், முடியவில்லை, சாய்ந்துவிட்டாள். சின்னராஜ் ஒன்று என்றார். எழுந்திரு தாயி என்று யாரோ கதறினார்கள். இரண்டு. மூன்று. டெல்சியின் கையை அவர் தூக்கிப் பிடித்தார்.

விசில் இல்லை, கைத்தட்டல் இல்லை. பச்சையம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு ரிங் ஓரத்துக்கு வந்தாள். காலையில் இவர்களைக் கண்டுபிடித்தவள், சோறு போட்டவள், விழக் கற்றுக்கொடுத்ததை முன்வரிசையில் உட்கார்ந்து பார்த்தவள். அவள் கண்ணிலிருந்து தாரை தாரையாகக் கொட்டியது. "பாவி, கூடப் பொறந்தவள இப்டி அடிச்சிப் போட்டியே, உனுக்கு நெஞ்சே இல்லியா" என்று ஒரு பிடி மண்ணை அள்ளி டெல்சியின் காலில் எறிந்தாள். அவள் பின்னால் இன்னும் பத்துப் பெண்கள் முந்தானையால் முகத்தை மூடியிருந்தார்கள். மாஸ்டர் கையிலிருந்த மைக்கைக் கீழே வைத்துவிட்டார்.

ஒன்பது வருடமாக மற்றவள் கழுத்தில் பார்த்த எந்த மாலையும் இந்த ஒரு பிடி மண்ணுக்குப் பக்கத்தில் நிற்காது என்று டெல்சிக்குத் தோன்றியது. சந்தோஷத்தைக் காட்டாமல், தோற்றவளை எகத்தாளம் செய்வதுபோல் இடுப்பில் கை வைத்துத் தங்கையின் முகத்துக்கு நேராகக் குனிந்தாள். மெர்சிலின் கண்ணைத் திறக்காமல், உதட்டை அசைக்காமல் கேட்டாள்.

"எழுந்துக்கட்டுமாக்கா?"

"படுடி," என்றாள் டெல்சி. "இன்னும் அழுவுறாங்க."