கொள்ளி வைப்பவனின் வேட்டி

“கதவைத் திற, லவன். வேட்டி கட்டத் தெரியாதெண்டு நீதானே சொன்னனி.”

குளியலறைக் கதவுக்கு வெளியே பெரியப்பா குலசேகரம். உள்ளே லவன், சுற்றிய வேட்டியை இரண்டு கைகளாலும் பிடித்தபடி. வயது இருபத்தொன்பது. பாரிஸின் லா சப்பலில் பிறந்தவன். வேட்டியைக் கைத்தொலைபேசியில் பார்த்தே கட்டிவிடலாம் என்று நேற்றுவரை நம்பியிருந்தான்.

அப்பா இராஜேந்திரன் சனிக்கிழமை உணவகச் சமையலறையில் வெங்காய மூட்டையைத் தூக்கும்போது விழுந்தார். எழும்பவில்லை. இன்று வியாழன், மூன்று மணிக்குத் தகனம்.

விதிகளை ஐயர் தொலைபேசியில் சொல்லியிருந்தார். கொள்ளி வைக்கிறவர் தலைக்குத் தண்ணீர் வார்த்து, ஈர வேட்டியோடு வரவேண்டும். தைத்தது எதுவும் உடம்பில் இருக்கக்கூடாது. ஜட்டியும் தைத்ததுதான் என்பதைப் பெரியப்பா விளக்கினார், கூடம் நிறைய ஆட்கள் இருக்கும்போது.

லவனின் உடம்பில் பதினான்கு தையல்கள் இருந்தன.

போன வெள்ளிக்கிழமை போட்டவை. கிளினிக்கில் தந்த படிவத்தில் ‘காரணம்’ என்பதற்கு மூன்று கட்டங்கள்: நோய், மதம், வேறு. அவன் ‘வேறு’ என்பதில் கோடிட்டான். விளக்க அரை வரி விட்டிருந்தார்கள். ‘மிரேய்’ என்று எழுதினான்.

மிரேய் கொங்கோக்காரி. ஞாயிறு பூசை தவறவிடாத கத்தோலிக்கப் பெண். அவளை அவன் கட்டப்போகிறான். தமிழன் என்பதில் அவளுடைய தாய்க்கு ஆட்சேபம் இல்லை, நுனித்தோல் வெட்டாதவன் என்பதில்தான். அவர்கள் பக்கம் வெட்டாதவன் நாற்பது வயதிலும் சின்னப் பொடியன்தான், குடும்பக் கூட்டத்தில் அவனுக்குக் கதிரை கிடையாது என்று மிரேயின் அண்ணன் எமில் சொன்னான். எமில் ஆண் தாதி. அவனுடைய பாட்டனைக் காட்டுக்குள் கொண்டுபோய், வெட்டி, மூன்று மாதம் பாட்டும் அடியுமாக வைத்திருந்து ஆம்பிளையாக்கி அனுப்பினார்களாம். எமிலுக்கு ஆஸ்பத்திரியில் அரை மணித்தியாலம். தெற்கே சில நாடுகளில் காட்டுக்குப் போகிற பொடியள் புண் பழுத்து இன்னும் சாகிறார்கள், அரசாங்கங்கள் கிளினிக்குக்கு வாங்கோ என்று கெஞ்சுகின்றன, எயிட்ஸ் ஆபத்தும் குறையுமென்று சுவரொட்டி ஒட்டுகின்றன என்றான். உனக்கு விறைப்பூசி கிடைக்கிறதே, சந்தோசப்படு என்றான்.

இதையெல்லாம் பெரியப்பாவுக்கு விளக்க முடியாது. அவருக்கு உலகத்தில் ஒரே சுன்னத்துத்தான், அதற்கு ஒரே மதந்தான். மிரேயை அவன் கட்டப்போகிற கதையைக் கேள்விப்பட்டு ஞாயிறன்றே அறிவித்துவிட்டார்: “மதம் மாறுறவன் மாறட்டும். என்ரை தம்பிக்குக் கரிகாலன் கொள்ளி வைப்பான்.” பெரியப்பாவின் மகன் கரிகாலன் இப்போது கூடத்தில் வெறும் மேலோடு வேட்டி கட்டி, மீசையும் வழித்து, பரீட்சைக்குப் படிக்காமல் வந்தவன் முகத்தோடு இருந்தான்.

அப்பாவுக்குத் தானே வைக்கவேண்டும் என்று லவன் நினைத்தான். ஏன் என்று யாராவது கேட்டால் அவனால் அரை வரிகூட எழுத முடியாது.

“கரிகாலனைக் குளிக்கச் சொல்லட்டோ?”

லவன் திறந்தான்.

பெரியப்பா உள்ளே வந்து கதவைச் சாத்தினார். “கையை எடு.” இடுப்பு மடிப்பை இழுத்துச் செருகினார். லவன் பல்லைக் கடித்தான். அவர் ஷவரைத் திறந்து தலையில் பிடித்தார். வெள்ளைத் துணி நனைந்தால் மறைப்பதைவிடக் காட்டுவதுதான் கூட என்பதை அந்தத் தொலைபேசிக் காணொளியில் யாரும் சொல்லவில்லை. புண்ணின் கட்டு தெரிந்தது. கட்டுக்கு மேலே ஒரு சிவப்புப் பொட்டு. பொட்டு பெருத்தது.

ஜன்னலுக்கு வெளியே பாலத்தில் மெற்றோ போனது.

“என்னடா உது?”

“ஒப்பரேஷன்.”

“சுன்னத்தோ?”

“ஓம். ஆனா நான் மதம் மாறேல்லை, பெரியப்பா. அவை வேதக்காரர்.”

“வேதக்காரர் ஏன்ரா சுன்னத்துச் செய்யினம்?”

“அவையின்ரை ஊர்ப் பழக்கம்.”

பெரியப்பா தண்ணீரை நிறுத்தினார். மலகூட மூடியைச் சாத்தி அதன்மேல் உட்கார்ந்தார். கதவு தட்டப்பட்டது.

“அப்பா, நான் குளிக்கோணுமோ?” கரிகாலன்.

“பொறடா.”

லவனின் முழங்காலிலிருந்து தண்ணீர் சொட்டியது. பெரியப்பா அவனைப் பார்க்காமல், கைகழுவும் தொட்டியிடம் சொல்வதுபோல் சொன்னார்:

“காலமை கொப்பரின்ரை உடம்பைக் குளிப்பாட்டினது நான்தான்.”

“ஓம்.”

“சின்னனிலை அவனைக் கிணத்தடியிலை குளிக்கவாத்ததும் நான்தான். அப்ப இருந்தது. இப்ப இல்லை.”

லவன் குனிந்து தன் கட்டைப் பார்த்தான்.

“அப்பாவுக்குமோ?”

“பழைய தழும்பு. இஞ்சை கூட்டிவந்த ஏஜென்சிக்காரன் அவனை வழியிலை, ஆபிரிக்காவிலை, பமாக்கோவிலை ஒன்பது மாதம் விட்டிட்டுப் போனவன். சுகமில்லையெண்டு ஒரு கடிதம் வந்தது. பிறகு சுகமெண்டு ஒண்டு. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.”

“ஏன் செய்தவராம்?”

“அவனை இனி எழுப்பிக் கேக்கவோ? இல்லாட்டி கூடத்திலை இருக்கிற கொம்மாட்டை நான் போய்க் கேக்கேலுமோ?”

போன வெள்ளிக்கிழமை மாலை, கிளினிக்கிலிருந்து வந்து, சப்பாத்தைக் கழற்றக் குனிய முடியாமல் வாசலில் நின்றவனை அப்பா பார்த்தார். பந்து பட்டது என்றான் லவன். எந்தப் பந்து, எங்கே என்று அப்பா கேட்கவில்லை. உள்ளே போய்த் தான் இடுப்பில் கட்டுகிற சாரம் ஒன்றைக் கொண்டுவந்து நீட்டினார். “களிசானைக் கழட்டு. காத்துப் படோணும்.” பிறகு போய்த் தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டினார்.

“அப்பா, ஒண்டே முக்காலாகுது,” என்றான் கரிகாலன் வெளியிலிருந்து.

பெரியப்பா எழுந்தார். தோளில் கிடந்த சால்வையை எடுத்து இரண்டாக மடித்து, லவனின் இடுப்பில் வேட்டிக்கு மேலே சுற்றி, முதுகுப் பக்கம் முடிந்தார்.

“நோகுதோ?”

“ஓம்.”

“நோகத்தான் செய்யும்.”

கதவைத் திறந்தார். கரிகாலனை மேலும் கீழும் பார்த்தார்.

“நீ ஒரு சேட்டு எடுத்துப் போடு.”

தகன மண்டபத்தில் பொறுப்பாளர் ழான்-மார்க் ஒரு சின்ன உலோகக் கதவைத் திறந்து, உள்ளேயிருந்த பச்சைப் பொத்தானைக் காட்டினார். உங்களுக்கு எப்போது வசதியோ அப்போது, மெசியே, என்று பிரெஞ்சில் மெல்லச் சொல்லிவிட்டு ஒதுங்கினார். பெட்டி தண்டவாளத்தில் நின்றது. ஐயர் மணிக்கட்டைத் திருப்பி நேரம் பார்த்தார்.

லவன் கையை நீட்டினான். முதுகுக்குப் பின்னால், சால்வை முடிச்சு அவிழாதபடி பெரியப்பா அதைப் பொத்திப் பிடித்திருந்தார். லவன் அழுத்தினான். பெட்டி உலைக்குள்ளே போய், அதன் கதவு மூடிய பிறகும் அவர் கையை எடுக்கவில்லை.