இரண்டாவது சாவி

மீட்டர் அக்கா என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை. வண்டிகளுக்கு மின்வேலை பார்க்கும் தன் பட்டறையில் எதைக் கேட்டாலும், மீட்டரை வைத்துப் பார்க்காமல் அவள் வாயைத் திறக்க மாட்டாள். அதனால் வந்து ஒட்டிக்கொண்ட பெயர். அவனுக்கும் அப்படி ஒரு ஆள்தான் தேவைப்பட்டது. பதினாறு நாளாக வந்தவர் போனவர் எல்லாரும் ஆறுதல் சொல்லித் தீர்த்துவிட்டார்கள். பதிலை மட்டும் ஒருத்தரும் சொல்லவில்லை.

"மூணு நாளைக்கு ஒருதடவை பேட்டரி இறங்கிடுதுக்கா. தனியா அலாரம் வாங்கி மாட்டினதுல இருந்துதான். அதுதான் காரணமா, இல்லையா? அதை மட்டும் சொல்லுங்க."

மீதியை அவன் சொல்லவில்லை. அன்று விடியற்காலையில் அப்பாவுக்கு மூச்சு முட்டியது. ஓடிப்போய்க் காரில் சாவியைத் திருப்பினான். 'டக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். ஆம்புலன்ஸ் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. திருடன் பயத்தில் ஆசை ஆசையாக அலாரம் மாட்டிய மகராசன் அவனேதான். அன்றிலிருந்து அழுகையும் இல்லை, பசியும் இல்லை. பல் பிடுங்க ஊசி போட்ட வாய் மாதிரி எல்லாம் மரத்துக் கிடந்தது.

அக்கா பேட்டரியின் கறுப்பு ஒயரைக் கழற்றி, நடுவில் மீட்டரைக் கோத்தாள். கதவுகளைச் சாத்திப் பூட்டினாள்.

"கரன்ட் இழுக்குறதெல்லாம் அடங்கி வண்டி அசந்து தூங்க அரைமணி ஆகும். நீங்க எதிர்ல போய் உக்காருங்க தம்பி. பக்கத்துல நின்னு மூச்சு விட்டுட்டு இருக்காதீங்க."

சாவியைப் பைக்குள் போட்டுக்கொண்டு எதிர்ப்பக்கத்துத் திண்டில் போய் உட்கார்ந்தான். எதுவும் யோசிக்கவில்லை. அரைமணி போனதே தெரியவில்லை.

"பாயின்ட் சைபர் ரெண்டு ஆம்ப்தான்!" அக்கா கத்தினாள். "உங்க அலாரம் பச்சப்புள்ள மாதிரி தூங்குது. அது மேல பழி போடாதீங்க!"

நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். ஒன்றும் இல்லை. எழுந்து தெருவைக் கடந்தான். அவன் காரை நெருங்கியதும் மீட்டரில் எண் எகிறியது. பாயின்ட் ஐந்தைத் தாண்டியது.

"நில்லுங்க. பைக்குள்ள என்ன?"

"அலாரத்தோட குடுத்த ரிமோட் சாவி."

"அதான் விஷயம். சாவி பக்கத்துல இருந்தா, முதலாளி வந்துட்டார்னு இது எழுந்து உக்காந்துக்குது. அதை எடுத்துட்டுப் போற வரைக்கும் தூங்காது. வீட்ல சாவியை எங்க வைப்பீங்க?"

"சமையல்கட்டு ஆணியில. வண்டி நிக்கிறது அந்தக் கோடியிலக்கா."

"அலாரத்தோட ரெண்டு குடுத்திருப்பாங்களே. இன்னொன்னு எங்க?"

அப்பா முப்பது வருஷம் பேருந்து ஓட்டியவர். படுத்த படுக்கையான பிறகு, "ஒரு சாவி என் கையில இருக்கட்டும்டா" என்று நச்சரித்தார். இவர் எழுந்து ஓட்டவா போகிறார் என்று அவனே எடுத்துக் கொடுத்தான். அதை அவர் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டார். கட்டிலுக்கும் காருக்கும் நடுவே ஒரே ஒரு சுவர்.

"எங்கன்னு தெரியும்க்கா" என்றான்.

வீட்டில் அப்பாவின் கட்டிலை யாரும் நகர்த்தியிருக்கவில்லை. தலையணையைத் தூக்கினான். சாவி இருந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டான். மனைவி வாசற்படியில் வந்து நின்றாள்.

"என்ன சொன்னாங்க? அலாரமா?"

"இல்ல. இது. இது இங்க இருந்தா சுவத்துக்கு அந்தப் பக்கம் வண்டி தூங்காதாம். பேட்டரியைத் தின்னுட்டே இருக்குமாம். நான்தானே குடுத்தேன்."

அவள் உள்ளே வந்து தலையணை உறையை நீவிவிட்டாள்.

"போன வாரம் உறையைத் துவைக்க எடுத்தப்பவே பாத்தேன்" என்றாள். "எடுக்க மனசு வரல. திரும்ப அங்கயே வச்சுட்டேன்."

"அப்பா இதை வச்சு என்ன பண்ணுவாரு?"

"ராத்திரி தூங்குறதுக்கு முன்னாடி ஒருதடவை அமுக்குவாரு. ஜன்னல்ல வண்டியோட விளக்கு மின்னும். வண்டி பத்திரமா இருக்கும்மா, நீ போய்ப் படுன்னு சொல்லுவாரு."

அழுகை வரும் என்று காத்திருந்தான். வரவில்லை. நகத்தால் நெம்பிச் சாவியைப் பிளந்து, உள்ளே இருந்த வட்டப் பேட்டரியை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். வெறும் சாவியைப் பழையபடி மூடி, எடுத்த இடத்திலேயே வைத்துத் தலையணையைச் சரிசெய்தான்.