சிவப்பு நல்லது

செடிகளுக்கு நோய் வரவைப்பதுதான் அவள் வேலை. ஆராய்ச்சிப் பண்ணையின் கண்ணாடிக் கூடத்தில் சோயா நாற்றுகள் தொட்டி தொட்டியாக நிற்கும். இரும்புத் துரு நிறத்தில் இருக்கும் துரு நோயின் பொடியைத் தண்ணீரில் கலந்து அவளே தெளிப்பாள். பிறகு இலைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்து எண் போடுவாள். ஒன்று என்றால் நோயைத் தாங்கிய செடி. ஐந்து என்றால் மொத்தமாகச் சாய்ந்த செடி. எது எவ்வளவு அவதிப்பட்டாலும் மருந்து மட்டும் அடிக்கக் கூடாது. அடித்தால் சோதனை பாழ்.

செடிக்கு மார்க் போடுகிறவள் என்று அண்ணன் அவளை டீச்சர் என்றுதான் கூப்பிடுவான். அவனும் சோயாதான் போடுகிறான். இந்த முறை பக்கத்து நிலத்தையும் குத்தகைக்கு எடுத்து, கையில் இருந்த எல்லாவற்றையும் மண்ணில் இறக்கியிருந்தான். விதைத்த சமயத்தில் ஒருநாள், சாப்பிட்டுக்கொண்டே கேட்டான்.

"உங்க பள்ளிக்கூடத்துல பாஸ் ஆன செடி எப்படி இருக்கும் டீச்சர்? பச்சைப் பசேல்னா?"

"இல்லண்ணா. அதுதான் பாக்க அசிங்கமா இருக்கும். நோய் நுழையற எடத்தைச் செடியே சுட்டுக்கும். செவப்பா புள்ளி விழுந்து காஞ்சிடும். செவப்பு நல்லது."

"அப்போ மூஞ்சி சரியில்லாததுதான் கெட்டிக்காரின்னு சொல்லு. உங்க அண்ணியக் கட்டினது தப்பில்ல."

"காது கேக்குது எனக்கு," என்றாள் அண்ணி அடுப்படியிலிருந்து.

மூன்று பேரும் சிரித்தார்கள். வெளுத்த புள்ளியில் பொடி உதிர்ந்தால் அது ஃபெயில் என்று அவள் சொன்னது அந்தச் சிரிப்பிலேயே அமுங்கிப் போயிற்று. அவளும் மறுபடி சொல்லவில்லை.

செடி காய் பிடிக்கும் நேரத்தில் அண்ணன் ஃபோன் செய்தான்.

"டீச்சர், நம்ம செடி பாஸ். வயல் முழுக்க செவப்பு. மருந்துக்கடைக்காரன் அடி அடின்னு உயிரை வாங்கினான். போய்யா, எங்க வீட்டு டீச்சர் செவப்பு நல்லதுன்னு சொல்லியிருக்கான்னு விரட்டிட்டேன்."

"எப்பத்துலேர்ந்து செவப்பு?"

"போன மழைக்கு முந்தியே கீழ் எலைல வந்துடுச்சே."

மறுநாள் லீவு சொல்லிவிட்டு முதல் பஸ்ஸைப் பிடித்தாள். அண்ணனும் அண்ணியும் வரப்பில் காத்திருந்தார்கள். தூரத்திலிருந்து பார்க்க வயல் சிவந்துதான் கிடந்தது. அண்ணனின் கால்சட்டையும் முட்டி வரை அதே நிறத்தில் இருந்தது. அதைப் பார்த்ததுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது. சுட்டுக்கொண்ட புள்ளியின் சிவப்பு துணியில் ஒட்டாது. ஒட்டுவது பொடிதான்.

இருந்தாலும் குனிந்து ஓர் இலையைத் திருப்பி, கைக்குட்டையால் துடைத்தாள். வெள்ளைத் துணியில் செம்பழுப்புக் கோடு விழுந்தது. இன்னொரு செடியில் துடைத்தாள். இன்னொன்றில். கீழ் இலைகள் கை பட்டதும் கழன்று விழுந்தன. காய்களை நசுக்கிப் பார்த்தாள். உள்ளே பருப்பு ஏறவே இல்லை. மழைக்கு முன்னால் அடித்திருந்தால் பிழைத்திருக்கும். இனி மருந்தால் குளிப்பாட்டினாலும் பயனில்லை.

கூடத்தில் இப்படி ஒரு செடியைப் பார்த்தால் எண்ணைப் போட்டுவிட்டு அடுத்த தொட்டிக்குப் போய்விடுவாள். இங்கே அடுத்த தொட்டி இல்லை.

"என்ன பேச்சே காணோம்?" என்றாள் அண்ணி. "நோயை வரவைக்கிறதும் நீங்களேதான், மார்க் போடுறதும் நீங்களேதான். தீத்து வைக்க அங்க ஒரு ஆளும் கெடையாதா?"

"தாங்குற ரகம் வரணும் அண்ணி. அதுக்கு நாளாகும்."

"எத்தனை நாளு?"

அவள் குனிந்து இன்னோர் இலையைத் திருப்பினாள்.

"நீ சும்மா இரு," என்று அண்ணன் மனைவியை அடக்கினான். ஒரு செடியை வேரோடு பிடுங்கி, பிள்ளையை நீட்டுவதைப் போல இரண்டு கையாலும் அவளிடம் நீட்டினான். "டீச்சர் சொல்லட்டும். சொல்லும்மா, எவ்வளவு மார்க்?"

போய்விட்டது என்று சொல்ல நாக்கு எழவில்லை. எண்ணைச் சொன்னால் அவனே புரிந்துகொள்வான் என்று நினைத்தாள்.

"அஞ்சு."

அண்ணன் முகம் மலர்ந்தது.

"அஞ்சுக்கு அஞ்சா? கேட்டியாடி? மூஞ்சியைத் தூக்கி வெச்சிருந்தியே, கேட்டியா?"

அண்ணி அவனைப் பார்க்கவில்லை. நாத்தனார் கையில் கசங்கிக் கிடந்த கைக்குட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.