எழுதாத மூன்று டிகிரி

முழங்கால் இரண்டும் கழன்று விழுந்துவிடும்போல் வலித்தது. காலையிலிருந்து நானும் மாமாவும் சர்வர் அறையின் தரைப்பலகைகளைத் தூக்கி, அடியில் கேபிள் போகும் ஓட்டைகளை அடைத்துக்கொண்டிருந்தோம். குளிர்காற்று அந்த வழியாகத்தான் வீணாகப் போகிறது. பலகை ஒவ்வொன்றும் பதினைந்து கிலோ.

மாமா என் அக்காவின் கணவர். அந்தக் கட்டடத்தின் ஏசி மெக்கானிக், ஒப்பந்த ஆள். வருடாவருடம் புதுப்பித்தால்தான் வேலை. நான் மாடியில் ஹெல்ப் டெஸ்க்கில் புகார்களையும் மாற்றங்களையும் பதிவில் எழுதுபவன், நிரந்தரம். அங்கே ஆள் எடுக்கிறார்கள் என்று சொல்லி என்னை அழைத்து வந்தவர் அவர்தான். கை குறைகிறது என்று அன்று என்னைக் கீழே இழுத்து வந்திருந்தார்.

"நாற்காலி தேய்க்கிற உடம்பு. இதுக்கே நாக்கு தள்ளுதா மாப்ள?"

"மூட்டை தூக்குனவர் பெத்த பிள்ளை மாமா நான்."

"உங்கப்பாவோட ரத்தம் இருக்கு. முதுகெலும்பைத்தான் காணோம்."

சிரித்துக்கொண்டே அடுத்த பலகையைத் தூக்கினேன்.

கம்பெனி அந்த வருடம் இரண்டு சான்றிதழ்களுக்கு விண்ணப்பித்திருந்தது. ஒன்று ஐடி சேவை மேலாண்மைத் தரநிலை, இன்னொன்று மின்சிக்கனத் தரநிலை. இரண்டையும் சட்டம் கேட்கவில்லை. விரும்பினால் ஏற்கலாம். மேனேஜர் அதை வேறு மாதிரி சொல்வார்: "நாமளா கையைத் தூக்கியிருக்கோம். தூக்கின கையைத் தொங்கப்போட்டா மானம் போயிடும்."

இரண்டையும் ஒப்பிட்டு அட்டவணை தயாரிக்கும் வேலை எனக்கு. முதலில் இரண்டும் ஒரே அச்சு என்றுதான் நினைத்தேன். சொல்வதைச் செய், செய்ததைச் சரிபார், தவறைத் திருத்து. வரி வரியாகப் போகும்போதுதான் வித்தியாசம் தெரிந்தது. மின்சிக்கனத்துக்கு வருகிறவர் முதலில் மீட்டரைப் பார்ப்பார். போன வருடத்தைவிட எண் இறங்கியிருக்கிறதா என்பது அவர் கேள்வி. சேவைக்கு வருகிறவர் பதிவைப் பார்ப்பார். எதை மாற்றினீர்கள், யார் சொன்னார்கள், எப்போது எழுதினீர்கள் என்பது அவர் கேள்வி. ஒருவருக்கு எண், மற்றவருக்கு எழுத்து.

மதியச் சாப்பாடு முடிந்து நான் அட்டவணையில் உட்கார்ந்திருந்தபோது மாமா மேலே வந்தார். சட்டையெல்லாம் தூசி.

"மாப்ள, இருபத்துமூணுல இருக்கிற சர்வர் அறையை இருபத்தாறு டிகிரியில வைக்கச் சொல்லி மேனேஜர் போன் பண்ணாரு. வியாழக்கிழமை மின்சிக்கனத்துக்கு ஆள் வராங்களாம், மீட்டர்ல எண் இறங்கணுமாம். மூலையில இருக்கிற பழைய சர்வர் மெஷினைத் திருப்பி மாட்டியிருக்காங்க. முன்னாடி இருக்கிற மெஷின் கக்குற சூட்டைத்தான் அது இழுக்குது. இருபத்துமூணுக்கு மேல தாங்காதுன்னு சொன்னேன். வைன்னுட்டு போனை வச்சுட்டாரு."

"வச்சிட்டீங்களா?"

"வைக்காம? அவர் சொல்லு, என் கை. நீ பதிஞ்சிடு. நான் வேணாம்னு சொன்னதையும் சேர்த்து எழுது."

"எழுதிடறேன் மாமா, நீங்க போங்க."

அப்போது நான் அட்டவணையின் ஏழாவது வரியைத் தட்டிக்கொண்டிருந்தேன். 'மாற்றம் எதுவானாலும் செய்வதற்கு முன் பதிவு செய்யப்பட வேண்டும்.' அதை முடித்தேன், எட்டாவதுக்குப் போனேன். பதிவு மறந்துபோனது.

வியாழக்கிழமை எண் இறங்கியிருந்தது. வந்தவர் மேனேஜரின் கையைக் குலுக்கிவிட்டுப் போனார். திங்கட்கிழமை முற்பகல் மூலையிலிருந்த பழைய மெஷின் சூடு தாங்காமல் நின்றது. அதன் வழியாக ரத்தப் பரிசோதனை முடிவுகளைப் பெறும் மூன்று மருத்துவமனைகளில் ஒரு மணி நேரம் எதுவும் திரையில் வரவில்லை. யாரும் சாகவில்லை. ஆனால் ரத்தம் கொடுத்துவிட்டு ஒரு மணி நேரம் பயத்தோடு உட்கார்ந்திருப்பது சின்ன விஷயமில்லை.

அடுத்த வாரம் சேவைத் தரநிலைக்கு ஆடிட்டர் அம்மா வந்தார். குரல் உயர்த்தாத மனுஷி. மேசையின் ஒரு பக்கம் மேனேஜரும் நானும். எதிரே மாமா, வேலைக்கு வந்த சட்டையிலேயே.

"மூணு டிகிரி ஏத்துனது யாரு?"

"நான்தான்மா," என்றார் மாமா.

"யார் சொல்லி?"

மாமா மேனேஜரைப் பார்த்தார். மேனேஜர் காகிதத்தைப் பார்த்தார். "என்கிட்டயிருந்து எழுத்துல எந்த உத்தரவும் போகல," என்றார்.

"போன்ல சொன்னாருமா. வேணாம்னும் சொன்னேன். அப்பவே பதியவும் சொல்லிட்டேன்."

யாரிடம் என்று மாமா சொல்லவில்லை. அந்த அம்மா என் பக்கம் திரும்பினார். "பதிவு உங்ககிட்டதானே?"

இப்போது எழுதினாலும் கணினி இன்றைய தேதியைத்தான் போடும், என் தவறு அதிலேயே நிற்கும். உண்மையைச் சொன்னால் மாமாவின் வேலை தப்பும், என்னுடையது போகும்.

"பதிவுல எதுவும் இல்லம்மா," என்றேன்.

அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. அந்த அம்மா குறித்துக்கொண்டார். மாமா என்னை ஒருமுறை பார்த்துவிட்டுத் தன் கைகளைப் பார்த்தார். பலகை விளிம்பு கிழித்த காயம் இன்னும் ஆறியிருக்கவில்லை.

மாமாவின் ஒப்பந்தம் அந்த மாதத்தோடு முடிந்தது, புதுப்பிக்கவில்லை. சாமான் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வெளிவாசலில் என்னைக் கடந்து போனார்.

"நல்லாத்தான் பேசுன மாப்ள."

"மாமா, வந்து..."

"அக்காகிட்ட எதையும் உளறி வைக்காதே. நீ அவளுக்கு ஒரே தம்பி."

இரண்டு சான்றிதழ்களும் வந்தன. வரவேற்பறையில் பக்கம் பக்கமாக மாட்டியிருக்கிறார்கள். என் அட்டவணையைப் பாராட்டி மேனேஜர் கடிதம் அனுப்பினார். அட்டவணையின் கடைசி வரி, இரண்டு தரநிலைகளும் ஒத்துப்போகும் இடம்: பொறுப்பு மேலிருப்பவர்களுடையது. அதைத் தட்டியதும் நான்தான்.

மாமா இப்போது ஒரு கிடங்கில் குளிர்ப்பெட்டிகள் கழுவுகிறார். வீட்டுக்குப் போனால் அக்கா எனக்குத்தான் முதலில் சோறு போடுகிறாள். மாமா எதிரே உட்கார்ந்து முழங்காலை நீவிக்கொண்டிருப்பார்.

அவருக்கு நான் ஒரு பதிவு பாக்கி வைத்திருக்கிறேன். 'மேனேஜர் சொன்னார், மாமா தடுத்தார், நான் எழுதவில்லை.' இன்றுவரை எழுதவில்லை.