ஜூஜுவாடிக்கு எந்த எழுத்து

ஓசூர் சிப்காட்டில் பிரேக் பாகங்கள் செய்யும் அந்தத் தொழிற்சாலையில் காலை ஒன்பது மணியிலிருந்து ஒரு லேபிள்கூட வெளியே வரவில்லை. லேபிள் ஒட்டாத பெட்டியை லாரியில் ஏற்ற முடியாது. மேலாளர் குருமூர்த்தி பெங்களூரில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனிக்குப் போன் போட்டு ஆளை வரச் சொல்லிவிட்டார்.

"ஏம்மா, அவரு வர்றதுக்குள்ள சரி பண்ண முடியுமான்னு பாரு. இல்லைன்னா கம்ப்யூட்டர் வேலை மொத்தமும் அவங்களுக்குத்தான்."

அதாவது, அங்கே கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் மெஹ்னாஸுக்கு நாளையிலிருந்து வேலை இல்லை.

மெஹ்னாஸ் பயப்படவில்லை. கேபிளைப் பிடுங்கிப் பிடுங்கி மாட்டுகிற திருப்பணியை மற்றவர்கள் ஏற்கெனவே முடித்திருந்தார்கள். அவள் திரையில் வந்த பிழைச் செய்தியைக் கடைசிவரை படித்தாள். முக்கால்வாசிப் பேர் அதைச் செய்வதில்லை.

லேபிள் விவரம் ஜூஜுவாடி குடோனில் இருக்கிற சர்வரிலிருந்து வர வேண்டும். அந்தச் சேவைக்கு ஊர்ப்பெயரையே வைத்திருந்தார்கள். சர்வர் ஒரு கட்டடம் என்றால் போர்ட் என்பது கதவு எண். புரோகிராமுக்குப் பெயர் மட்டும்தான் தெரியும். எந்தக் கதவைத் தட்டுவது என்பதைக் கம்ப்யூட்டர் தன்னிடமுள்ள ஒரு பட்டியலைப் பார்த்துச் சொல்லும். அப்படி ஒரு பெயரே பட்டியலில் இல்லை என்றது பிழைச் செய்தி.

நேற்றுப் புதுக் கம்ப்யூட்டரை மாட்டியவன் திருநெல்வேலி அசோக்குமார். "அதெப்படி இல்லாமப் போவும்? நானே அடிச்சேன். கடைசி வரியப் பாருங்க."

இருந்தது. பக்கத்தில் 7410 என்ற எண்ணும் இருந்தது. மெஹ்னாஸுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் பிறந்த ஊர் அது. வாயில் சொல்வது ஜூ, நெடுஞ்சாலைப் பலகையிலும் பிழைச் செய்தியிலும் ஆங்கில இசட். பள்ளிச் சான்றிதழில் ஜே விழுந்ததால் பாஸ்போர்ட்டுக்கு மூன்று தடவை அலைந்தவள் அவள். கம்ப்யூட்டருக்கோ காது கிடையாது. ஓர் எழுத்து மாறினாலும் அதற்கு அது வேறு ஊர்.

"இது இசட்டுங்க. ஜே போட்டிருக்கீங்க."

"சார் போன்ல ஜூஜுவாடின்னாரு. ஜூவுக்கு ஜே தான?"

குருமூர்த்தி தொண்டையைக் கனைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினார்.

மெஹ்னாஸ் வரியின் தொடக்கத்தில் இசட் போட்ட பெயரை அடித்தாள். ஜே போட்டதை அழிக்காமல், எண்ணுக்குப் பின்னால் மறுபெயராக வைத்தாள். நாளைக்கு வேறு யாராவது காதில் விழுந்தபடி அடித்தாலும் அதே கதவுக்குப் போகட்டும். சேமித்துவிட்டுப் புரோகிராமை மறுபடி ஓட்டினாள். பிரிண்டர் கரகரவென்று லேபிளைத் துப்ப ஆரம்பித்தது.

அந்த நேரம் பார்த்து பெங்களூர்க்காரர் போன் செய்தார். ஓசூருக்குச் சற்று முன்னால், அத்திப்பள்ளி டோலில் நிற்கிறாராம்.

"பர்பேடி சார், சரி ஆய்த்து" என்று, வர வேண்டாம், சரியாகிவிட்டது என்பதைக் கன்னடத்தில் சொல்லி வைத்தார் குருமூர்த்தி.

மெஹ்னாஸ் விடவில்லை. "அப்போ என் வேலை என்னங்க சார்?"

"இதென்ன கேள்வி! நம்மூரு எழுத்து பெங்களூர்க்காரனுக்கு என்னம்மா தெரியும்? நீயே பாத்துக்கோ."

அவளுக்கு மனசு நிறைந்துவிட்டது. அந்த எழுத்தைக் கோட்டை விட்டது யார் என்று அவள் கேட்கவில்லை.