மணிப் பொத்தானில் ஒரு பொட்டு

ஆயுத பூசைக்கு மறுநாள் காலை, தேக்கா சந்தைக்கு எதிரே உள்ள அடுக்குமாடிப் புளோக்கின் லிஃப்ட்டில், அபாய மணிப் பொத்தானுக்கு யாரோ சந்தனம் தடவிக் குங்குமப் பொட்டு வைத்திருந்தார்கள். ஒன்பதாம் மாடிச் சீன அம்மா அதைப் படமெடுத்துப் புளோக்கின் வாட்ஸ்அப் குழுவில் போட்டு, இது வாண்டலிசமா என்று கேட்டுவிட்டார். அதே புளோக்கில் குடியிருக்கும் தில்லையம்பலத்தாருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஓய்வுபெற்ற தலைமைக் கிளார்க் அல்லவா, குழுவில் ஒரு பாடமே நடத்தினார். வாண்டல்கள் பழைய ஐரோப்பாவில் ஓர் இனத்தார். வயல் உழுதார்கள், பிள்ளை பெற்றார்கள், ஒருமுறை ரோமாபுரியைக் கொள்ளையடித்தார்கள். அது ஒன்றுதான் ஊர் வாயில் மிஞ்சியது. நெடுங்காலம் கழித்துப் பிரெஞ்சுக்காரர் ஒருவர், சிலைகளை உடைத்தவர்களுக்கு அந்தப் பெயரைச் சூட்ட, இன்று சுவரில் கிறுக்குகிறவனும் பஸ் சீட்டைக் கிழிக்கிறவனும் வாண்டல். ஒருவன் செய்த காரியத்தால் நாளை தமிழர் பெயருக்கும் அந்தக் கதிதான் என்று முடித்தார்.

அந்த ஒருவன் யார்? சந்தேகம் நேராக மூன்றாம் மாடிக்குப் போனது. பாலகிருஷ்ணன் பஸ் ஓட்டுகிறவர். ஸ்டியரிங்குக்குப் பொட்டு வைக்கிற கை சும்மா இருக்குமா? யாழ்ப்பாணத்து வழிவந்த நாங்கள் இப்படியெல்லாம் செய்யமாட்டோம் என்று கிழவருக்கு உள்ளூர ஒரு நினைப்பு வேறு. 'பஸ் ஓட்டும் நண்பருக்குத் தெரிந்திருக்கலாம்' என்று ஜாடையாக எழுதிவிட்டார். மறுநாளே சிலர் பாலகிருஷ்ணனோடு லிஃப்ட்டில் ஏறாமல் ஒதுங்கி நின்றார்கள்.

அவர் சண்டைக்கு வரவில்லை. "நான் வைக்கல அங்கிள். கேமரா இருக்குலா, பார்க்கச் சொல்லுங்க" என்றார். அந்த நிதானமே தில்லையம்பலத்தாரின் சந்தேகத்தைக் கூட்டியது. பார்த்துவிடுவோம் என்று லிஃப்ட்டைப் பராமரிக்கும் நகர மன்றத்துக்குப் புகார் அனுப்பினார்.

அதை வீட்டில் பெருமையாகச் சொன்னபோது, துணி காயப்போட்டுக்கொண்டிருந்த மனைவி கமலாம்பிகை ஈரத்துணியும் கையுமாக நின்றுவிட்டார்.

"போன மாசம் லிஃப்ட்டுக்குள்ள மாட்டிக்கிட்டு அந்த மணியத்தானே அமுக்கிட்டு இருந்தீங்க? வெளிய வந்தப்போ உங்க முகத்த நான்தானே பார்த்தேன். அதுக்கும் ஒரு பொட்டு வச்சா, அடுத்த தடவை கைவிடாதுன்னு நினைச்சேன்."

அவருக்கு வெட்கத்தில் காது சுட்டது. எழுதியதை அழிக்கலாம், படித்தவர்கள் படித்தாகிவிட்டதே. போனை எடுத்து, 'பொட்டு எங்கள் வீட்டுப் பொட்டு. பாலகிருஷ்ணனின் பெயரைக் கெடுத்த வாண்டல் நான்' என்று எழுதி அனுப்பிவிட்டு, மூன்றாம் மாடிக்குப் போனார்.

பாலகிருஷ்ணன் மரக்கதவைத் திறந்தார். கிழவர் மன்னிப்புக் கேட்டதை முழுதும் செவிகொடுத்துக் கேட்டார். அதற்கு வெளியே இருந்த இரும்புக் கம்பிக் கதவை மட்டும் திறக்கவில்லை.